குருளையும் மரபும்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதியிலே அமைந்தது மரபியல். உயிர்களின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் என்பனவற்றை ஆசிரியர் அங்கே வகுத்துக் காட்டுகின்றார். நாயின் இளமைக்குக் குருளை என்னும் பெயர் உரியது. பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் இளமையும் அப்பெயராலேயே வழங்கும். பெண்நாய்க்குப் பாட்டி என்பது மரபுப் பெயர். வகுப்பிலே இப்பகுதியைக் கற்பிக்கும்போது மாணவர் ஒருவரையொருவர் நோக்கி நகைப்பர். யாமும் பல்லாண்டு அந்நகையிற் கலந்துகொண்டு அடுத்த சூத்திரத்துக்குச் சென்றோம். ஆயின், எமது வளவிலே ஒரு பாட்டியும் அதன் குருளைகள் ஆறும் எமக்குக் கற்பித்த பாடத்தின் பின்னர், மரபு என்னுஞ் சொல் எமக்கு வெறும் இலக்கணச் சொல்லாக இருக்கவில்லை. அப்பாடத்தையே இம்மலரின் வாயிலாகப் பழைய மாணவர்க்கும் பயிலும் மாணவர்க்கும் உடனாசிரியர்க்கும் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

யாம் மிருக வைத்தியர் அல்லேம். ஆதலின், வல்லார் ஆய்ந்து நிறுவியவற்றையும், எம் அறியாமையால் நேர்ந்ததொன்றையும் எளிய தமிழிற் கூறுவதே எம்மால் இயல்வது.

எம் வளவில் நிகழ்ந்தது

சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாடு சென்ற அன்பர் ஒருவர், தாம் வளர்த்த பெட்டைநாயை எம்மிடம் ஒப்படைத்துச் சென்றார். நம்மூரவர் அல்சேஷன் என வழங்கும் ஜேர்மன் ஷெப்பர்ட் இனத்தது அது. வீரி என்பது அதன் பெயர். நிமிர்ந்த காதும், அடர்ந்த மயிரும், அந்நியர் படலையைத் தொடுமுன்னரே எழும் குரலும் உடையது. அதன் மூன்று தலைமுறை முன்னோரின் பெயர் குறித்த கடதாசியொன்றும் உடன்வந்தது. அக்கடதாசியை யாம் ஒரு நற்சான்றிதழாகவே கருதினோம்.

அயற்கிராமத்தில் அதே இனத்துக் கடுவன் ஒன்று இருந்தது. பார்ப்பதற்கு அதுவும் குறையற்றது. இரண்டையும் சேரவிட்டோம். ஏறக்குறைய ஒன்பது கிழமைகளில் ஆறு குருளைகள் பிறந்தன. காசுக்கு விற்பது தகாது எனக் கருதி, அறிந்தவர்க்கும் எம்மிடம் பயின்றவர்க்கும் அவற்றைக் கொடுத்தோம். கொடுத்த அன்று எமக்கிருந்த பெருமிதத்தை இன்று நினைக்க நாணுகின்றோம்.

எட்டாம் மாதமளவில் ஒரு குருளை நொண்டத் தொடங்கிற்று என்று செய்தி வந்தது. எங்கேனும் விழுந்திருக்கும் என்றோம். அடுத்த மாதம், நீர்வேலியில் வாழைத்தோட்டஞ் செய்யும் எம் பழைய மாணாக்கர் ஒருவர், தம் நாயை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு எம் வீட்டுக்கு வந்தார். அது கிடந்த இடத்திலிருந்து எழ முயன்றது. முன்கால்கள் உடலைத் தூக்கின, பின்பாகம் எழவில்லை. இரண்டு மூன்று முறை முயன்று, பின் எம்மைப் பார்த்து வாலை ஆட்டிற்று.

மாணாக்கர் எம்மைக் குறைகூறவில்லை. "ஐயா, தாய்க்கும் இப்படி இருந்ததா?" என்று மாத்திரம் கேட்டார். இல்லை என்று உறுதியாக விடை கூறினோம். வீரி ஒருநாளேனும் நொண்டியதில்லை. ஆதலின் அவ்விடை உண்மையென்றே எண்ணினோம்.

மிருக வைத்தியர் நாயின் இடுப்பைத் தொட்டு அசைத்துப் பார்த்து, எக்ஸ்-கதிர்ப் படம் வேண்டுமென்றார். படத்திலே இரு பக்கத்து இடுப்பு மூட்டுகளும் தம் நிலையிலிருந்து தளர்ந்திருந்தன. தாயையும் படம்பிடித்துப் பார்ப்பது நன்று என அவர் கூறியபோது எமக்குச் சற்றே மனத்தாங்கல் உண்டாயிற்று. எனினும் கொண்டுசென்றோம். வீரியின் மூட்டுகளும் குறையுடையனவே. குருளைக்கிருந்த அளவு இல்லை; ஆயினும் குழி ஆழமற்றிருப்பது எம் கண்ணுக்கே தெரிந்தது. நோய் வெளியிலிருந்து வரவில்லை. எம் வளவிலிருந்தே சென்றது. ஒரு மாணாக்கர் கேட்ட கேள்விக்கு யாம் தவறான விடை கூறினோம் என்பதையும் அன்றே உணர்ந்தோம்.

மூட்டின் அமைப்பு

நாயின் தொடையெலும்பின் மேல்முனை பந்துபோல் உருண்டிருக்கும். இடுப்பெலும்பிலே அதனை ஏற்குங் குழி கிண்ணம் போன்றது. இதனைப் பந்துக்கிண்ண மூட்டு என விஞ்ஞான பாடநூல்கள் கூறும். ஆட்டுக்கல்லின் குழியிலே குழவி செவ்வனே பொருந்தியிருப்பின் அது இலகுவாகச் சுழலும். குழி ஆழங் குறைந்தோ, குழவி பொருத்தமற்றோ இருப்பின், சுழற்றுந்தோறும் அது பக்கம் சாயும்; ஓரங்கள் உராயும்; நாளடைவில் கல்லும் குழவியும் தேயும். நாயின் இடுப்பிலே நிகழ்வதும் இதனை ஒத்ததே.

இந்நோயை இடுப்பு மூட்டு வளர்ச்சிப் பிறழ்வு எனலாம். இதில் நாம் கருத்திற் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. குருளை பிறக்கும்போது அதன் மூட்டு பெரும்பாலும் செம்மையாகவே தோன்றும். பிறந்தபின் எலும்பு விரைந்து வளருங் காலத்திலேயே, மூட்டைப் பிணிக்கும் தசைநார்கள் தளர்ந்து, பந்து கிண்ணத்தைவிட்டுச் சிறிது சிறிதாக விலகுகின்றது. பந்து உரிய இடத்தில் அழுந்தி நில்லாமையாற் கிண்ணம் ஆழமாக உருவாவதில்லை. பந்தும் தன் உருட்சி கெட்டுத் தட்டையாகின்றது. எலும்பின் முனைகளைப் போர்த்திருக்கும் வழவழப்பான கசியிழையம் தேய்கின்றது. அதன்பின் வீக்கமும் நோவும் எலும்பு முளைகளும் தோன்றி, அது தீராத மூட்டுவாதமாக முற்றுகின்றது.

அறிகுறிகள் சில நாய்களில் நான்கு மாதம் முதல் ஓராண்டுக்குள் வெளிப்படும். சிலவற்றில் முதுமையிலேயே தெரியும். படுக்கையிலிருந்து எழச் சிரமப்படுதல், ஓடும்போது முயலைப்போலப் பின்கால்கள் இரண்டையும் ஒருசேர வைத்துத் துள்ளுதல், நடையிலே இடுப்பு ஆடுதல், படியேற மறுத்தல், பின்தொடையின் தசை மெலிந்து தோட்பட்டை பருத்தல் என்பன அவற்றுட் சில. சில நாய்கள் மூட்டுக் குறையிருந்தும் நெடுங்காலம் நோவைக் காட்டமாட்டா. எம் வீரி அத்தகையதே.

இடுப்பில் மாத்திரமன்றி, முன்காலின் முழங்கை மூட்டிலும் இத்தகைய வளர்ச்சிப் பிறழ்வு உண்டு. ரொட்வைலர், லப்ரடோர், ஜேர்மன் ஷெப்பர்ட் போன்ற பெருநாய்கள் அதற்கும் ஆளாவன. பொமரேனியன் போன்ற சிறுநாய்களிலோ, பின்முழங்காற் சில்லு தன் தவாளிப்பிலிருந்து பக்கம் விலகும் குறை மிகுதி. ஓடிக்கொண்டிருக்கும் சிறுநாய் திடீரெனப் பின்காலொன்றைத் தூக்கிச் சில அடி தத்திவிட்டு, மீண்டும் இயல்பாக நடப்பதைக் கண்டு பலர் அதனை விளையாட்டு என எண்ணுவர். அது விளையாட்டன்று, சில்லு விலகிப் பின் தன்னிடஞ் சேர்வதே அவ்வாறு தோன்றுகின்றது.

மறைந்து வருங் குறை

தாய் நொண்டவில்லை, தந்தை நொண்டவில்லை, குருளை நொண்டுகின்றது. இது எங்ஙனம்?

இந்நோய் ஒற்றை மரபணுவால் வருவதன்று. மரபணுக்கள் பல சேர்ந்து, ஒவ்வொன்றும் சிறிது சிறிதாகப் பங்களித்து இதனை உண்டாக்குகின்றன. நம் சுண்ணக்கற் பூமியிலே ஒரு கிணற்றுக்கு நீர் ஓர் ஊற்றினால் மாத்திரம் வருவதில்லை. கல்லின் வெடிப்புகள் பலவற்றினூடாகக் கசிந்து வந்து சேர்கின்றது. ஒன்றிரண்டு கசிவில் உவர் கலந்தால் நாவுக்குத் தெரியாது. பல கசிவுகளும் உவராயின் நீர் குடிக்க ஒவ்வாது. அவ்வாறே தாயிடத்துச் சில குறைமரபணுக்களும் தந்தையிடத்து வேறு சிலவும் இருந்து, தனித்தனியே தீங்கு தோன்றாதிருக்கலாம். இரண்டும் குருளையொன்றிற் கூடும்போது நோய் வெளிப்படுகின்றது. ஒரே ஈற்றிற் பிறந்த ஆறினுள் இரண்டு நொண்டி, நான்கு நன்கு நடப்பதற்குக் காரணமும் இதுவே. ஒவ்வொரு குருளையும் பெற்றோரிடமிருந்து வேறுவேறு பங்கைப் பெறுகின்றது.

இதிலிருந்து இரண்டு முடிபுகள் பெறப்படும். ஒன்று, நன்றாக நடக்கும் நாய் நல்ல மூட்டுடையது எனக் கொள்ளுதல் பிழை. மற்றொன்று, ஒரு நாயை இனப்பெருக்கத்துக்குத் தெரியுமுன் அதனை மாத்திரம் பார்த்தல் போதாது. அதன் பெற்றோரையும், உடன்பிறந்தவற்றையும், முன்னர் ஈன்ற குட்டிகளையும் பார்த்தல் வேண்டும். நல்ல மூட்டுடைய நாயொன்றின் உடன்பிறப்புகளிற் பல நொண்டுமாயின், அந்நாயும் குறையை மறைத்து வைத்திருக்கக்கூடும்.

இனக் கடதாசி என்பது இன்னார் மகன், இன்னார் பேரன் எனக் கூறுமேயன்றி, இன்னாரின் மூட்டு எத்தகையது எனக் கூறாது. பரிசோதனைப் பெறுபேறு அதிற் குறிக்கப்பட்டிருந்தாலன்றி, அது வெறும் வமிசாவளியே. யாம் ஏமாந்த இடம் இதுவாம்.

நோயுற்ற இரு குருளைகளின் உண்மை தெரிந்தபின், ஏனைய நால்வர் வீட்டுக்கும் தனித்தனியே சென்று, உங்கள் நாய்களைப் படம்பிடித்துப் பாராமற் சேரவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டோம். மூவர் ஏற்றுக்கொண்டனர். ஒருவர், "என் நாய் குதிரைபோல ஓடுகின்றதே; குட்டிக்கு முற்பணமும் வாங்கிவிட்டேனே" என்றார். அவரை யாம் கடிந்துகொள்ளவில்லை. ஓராண்டுக்கு முன் எம்மிடம் எவரேனும் வந்து கூறியிருப்பின், முற்பணம் என்ற ஒன்றைத் தவிர, யாமும் அதனையே கூறியிருப்போம். அவர்க்கு அன்று கூறமுடியாதுபோன விடையே இக்கட்டுரை எனினும் பொருந்தும்.

உணவும் தரையும்

மரபே அனைத்துமாயின் வளர்ப்பவர் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆயின் அவ்வாறன்று. மரபு வித்து, வளர்ப்பு நிலமும் நீரும். குறைமரபைப் பெற்ற குருளையில் நோய் எவ்வளவு முற்றும் என்பதை வளர்ப்பும் தீர்மானிக்கின்றது.

அமெரிக்காவிலே லப்ரடோர் நாய்கள் 48 வாழ்நாள் முழுவதும் ஆராயப்பட்டன. ஒரே ஈற்றிற் பிறந்தவற்றை இரண்டிரண்டாகச் சோடி சேர்த்து, ஒன்றுக்குக் கொடுத்த உணவில் நாலில் ஒரு பங்கைக் குறைத்து மற்றதற்குக் கொடுத்து வந்தனர். 2002ஆம் ஆண்டு வெளியான அவ்வாய்வின் முடிபு நம்மனோர் கருத்துக்கு மாறானது. மிகுதியாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டு, குறைவாக உண்டவற்றினது 13 ஆண்டு. இடுப்பு மூட்டுவாதம் படத்திலே தோன்றிய இடைநிலை வயதோ, முன்னவற்றில் 6 ஆண்டும் பின்னவற்றில் 12 ஆண்டுமாம். ஒரே தாய் தந்தையரின் பிள்ளைகள். மரபு ஏறத்தாழ ஒன்று. வேறுபட்டது உணவுக் கோப்பையே.

நம்மிடையே நாய்க்குட்டி கொழுத்திருப்பதே அழகு. விருந்தினர் மெச்சவேண்டுமென்று சோறும் இறைச்சியும் பால்மாவும் மேலும் மேலும் இடுவோம். பெருநாய்க் குருளைக்கு அது தீங்கு. எலும்பு முற்றுமுன் உடற்பாரம் ஏறினால், தளர்ந்த மூட்டு மேலும் தளரும். விலாவெலும்பு கண்ணுக்குத் துருத்தாமலும், கையால் தடவினால் எளிதில் தட்டுப்படுமாறும் இருப்பதே தக்க அளவு.

எலும்பு வலுக்கவேண்டுமென்று சுண்ணச்சத்து மருந்தைப் போத்தல் போத்தலாக ஊட்டும் வழக்கமும் உண்டு. யாமும் ஊட்டினோம், ஊட்டும்படி ஆறு வீட்டாருக்கும் அறிவுரையும் கூறினோம். ஆனாற் கல்சியம் மிகுந்தால் எலும்பு வளர்ச்சி குழம்பும் என்பது கிரேட்டேன் என்னும் பேரின நாய்க் குருளைகளில் நிகழ்த்திய ஆய்வுகளாற் பல்லாண்டுகளுக்கு முன்னரே நிறுவப்பட்டது. வளர்ந்த நாயின் குடல் வேண்டாததை ஒதுக்கும். இளங்குருளையின் குடலுக்கு அவ்வாற்றல் நிரம்பவில்லை. செம்மையான உணவு உண்ணும் குட்டிக்கு, மிருக வைத்தியர் கூறாமற் சுண்ணச்சத்து வேண்டுவதில்லை.

தரையும் கவனிக்கத்தக்கது. நோர்வேயிலே பெருநாய்க் குட்டிகளைத் தொடர்ந்து நோக்கி 2012இல் வெளியிட்ட ஆய்வொன்று, பிறந்து மூன்று மாதத்துக்குள் நாடோறும் படியேறி இறங்கிய குட்டிகளுக்கு இந்நோய் நேரும் வாய்ப்பு மிகுதி என்றும், மேடுபள்ளமான மெத்தென்ற நிலத்தில் வெளியே திரிந்தவற்றுக்கு அது குறைவு என்றும் கண்டது. இன்று நம்மூரிற் புதிய வீடுகள் மாடிப்படியும் வழுக்கும் மாபிள் தரையுமாக எழுகின்றன. குருளையின் கால் அத்தரையிற் பக்கம் வழுவுவதை யாவரும் கண்டிருப்போம். உரும்பிராயின் செம்மண் தோட்டத்தைவிட நல்ல விளையாட்டிடம் ஒரு குருளைக்கு வேறெங்கே கிடைக்கும்? நாமோ அதனை உள்ளே பூட்டிவைத்துப் பளிங்குத் தரையைக் காட்டுகின்றோம்.

நோய் வந்தபின்னும் செய்யத்தக்கன உண்டு. உடற்பாரத்தைக் குறைத்தல், மென்னிலத்தில் அளவாக நடத்தல், நீந்தவிடுதல், வைத்தியர் தரும் நோவுமருந்து என்பவற்றால் பல நாய்கள் நெடுங்காலம் நன்கு வாழும். முற்றிய நோய்க்குச் சத்திரசிகிச்சையும் உண்டு. ஆயினும், மனிதர்க்குரிய நோவு மாத்திரைகளை நாமாகக் கொடுத்தல் கூடாது. இபுபுரோபென் போன்றவை நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுத்து உயிருக்கே இறுதியாகும்.

பிறநாட்டார் செய்தவை

ஜேர்மன் ஷெப்பர்ட் இனத்தின் வரலாறு 1899இல் தொடங்குகின்றது. மக்ஸ் வொன் ஸ்டெபனிற்ஸ் என்னும் படையதிகாரி அவ்வாண்டிலே இடைநாயொன்றை வாங்கி, அதற்கு ஹோரான்ட் எனப் பெயரிட்டு, இனப் பதிவேட்டில் முதலாம் இலக்கத்தை அதற்களித்தார். அந்நாயையும் அதன் வழிவந்தவற்றையும் மீண்டும் மீண்டும் தம்முள்ளே சேர்த்தே இனம் நிலைநிறுத்தப்பட்டது. நெருங்கிய உறவிற் சேர்த்தால் உருவமும் குணமும் விரைவில் ஒருமை எய்தும். மறைந்திருக்கும் குறைகளும் அவ்வாறே விரைவில் ஒன்றுகூடும். இது ஓர் இனத்துக்கு மாத்திரம் உரியதன்று. அழகுக்காக அடைத்து வளர்த்த இனங்கள் பலவற்றின் கதையும் இதுவே.

நாயின் இடுப்பு மூட்டுக் குறையை 1935இல் அமெரிக்க மிருக வைத்தியர் ஷ்னெல் என்பவர் முதன்முதல் விவரித்து எழுதினார். அக்காலத்தில் அது அரிய நோயாகவே கருதப்பட்டது. எக்ஸ்-கதிர்ப் படம் பெருகப் பெருக, அரிதாயிருந்தது நோயன்று, அதனைத் தேடிப்பார்த்தவரே என்பது புலனாயிற்று. 1965இல் பிரித்தானியாவிலும், 1966இல் அமெரிக்காவிலும் நாய்களின் இடுப்புப் படங்களை வல்லுநர் பார்த்துத் தரமிடும் திட்டங்கள் தொடங்கின. அமெரிக்காவில் அதனைத் தொடங்கியவர் ஜோன் ஒலின் என்னும் செல்வர். தம் வேட்டைநாய்களில் இந்நோயைக் கண்டு வருந்தியதே அவரை அதற்குத் தூண்டிற்று.

அமெரிக்க முறையில் நிறைந்த சான்று பெற நாய்க்கு 24 மாதம் நிரம்பவேண்டும். பிரித்தானிய முறையில் ஓராண்டு போதும். ஒவ்வோர் இடுப்புக்கும் 0 முதல் 53 வரை புள்ளி இடுவர். இங்கே புள்ளி குறைவதே சிறப்பு. பரீட்சைப் புள்ளிக்குப் பழகிய நம் மாணவர் இதனை நினைவிற் கொள்க. பெனின்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உருவான மற்றொரு முறையோ மூட்டின் தளர்வையே அளப்பது. 16 கிழமை வயதுக் குருளைக்கும் அதனைச் செய்யலாம்.

இவையெல்லாம் பயன் தந்தனவா எனின், தந்தன என்பதற்குத் தெளிவான சான்றுண்டு. நியூஜேர்சியிலே பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களைப் பயிற்றும் 'சீயிங் ஐ' என்னும் நிறுவனம், தன் நாய்களைத் தலைமுறைதோறும் படம்பிடித்து, நல்ல மூட்டுடைய குடும்பங்களிலிருந்தே பெற்றோரைத் தெரிந்தது. ஐந்து தலைமுறைக்குள் ஜேர்மன் ஷெப்பர்ட் நாய்களில் நோயுற்றவை நூற்றுக்கு 55இலிருந்து 24ஆகவும், லப்ரடோர்களில் 30இலிருந்து 10ஆகவும் குறைந்தன என 1997இல் வெளியான கட்டுரை கூறுகின்றது. பார்வையற்ற ஒருவர் தம் உயிரை ஒப்படைத்து நடக்கும் நாய் வழியில் முடங்கலாகாது. நம் வடபுலத்திலும் போரின் பின் மிதிவெடி தேடும் பணியில் நாய்கள் உழைத்தன. அத்தகைய நாய்க்கு மூட்டு என்பது அழகுப் பொருளன்று, அதுவே தொழில்.

தமிழ்நாட்டு நாயினங்கள் தரும் பாடம்

இப்பழி மேனாட்டவர்க்கே உரியதென எண்ணற்க. இந்திய அஞ்சற்றுறை 2005ஆம் ஆண்டு சனவரி 9ஆந் திகதி முத்திரை வெளியிட்டுச் சிறப்பித்த நான்கு நாயினங்களுள் இராசபாளையம் ஒன்று. தூய வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் அதன் சிறப்பாகக் கொள்ளப்பட்டன. அவ்வெண்மையையே நாடித் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து சேர்த்ததன் பயனாக, செவிட்டுக் குட்டிகள் அவ்வினத்திற் பிறப்பது அறியப்பட்ட குறையாயிற்று. நிறமிக்கும் உட்செவிக்கும் தொடர்புண்டு. மயிரிலே நிறத்தை முற்றாக நீக்கினால் செவியிலும் அது நீங்கிக் கேள்வி கெடலாம். ஒன்றைத் தெரியும்போது அதனோடு மறைந்து மற்றொன்றும் வருகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமோ?

மறுதலையாக, ஓட்டத்துக்கென்றே வளர்க்கப்பட்ட மேனாட்டுக் கிரேஹவுண்ட் நாய்களில் இடுப்பு மூட்டு நோய் மிக அரிது. முயலைத் துரத்த இயலாத நாயை வேட்டைக்காரன் பெருக்கமாட்டான். தொழிலே அங்கே பரிசோதனையாக நின்றது. வேட்டைக்கென வளர்ந்த நம்மினத்துச் சிப்பிப்பாறையும் கன்னியும் மெலிந்த உடலும் நீண்ட காலும் உடையன. அவற்றையும் ஓட்டத்தை மறந்து, நிறத்துக்கும் பெருமைக்குமாக நெருங்கிய உறவிற் பெருக்கத் தொடங்கினால், அவையும் இப்பாதையிற் செல்ல நெடுநாட் செல்லாது.

நம் கடன்

இலங்கையில் நாய்களைப் பற்றிய பழைய சட்டங்கள் உண்டு. 1893ஆம் ஆண்டுச் சட்டம் விசர்நோயைப் பற்றியது. 1901ஆம் ஆண்டுச் சட்டம் நாய்களைப் பதிவுசெய்தல் பற்றியது. அவற்றின் நோக்கம் வேறு. இந்தியாவிலே 2017இல் நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் விதிகள் வகுக்கப்பட்டன. எட்டுக் கிழமை நிரம்பாத குட்டியை விற்றலாகாது, பதினெட்டு மாதம் நிரம்பாத பெட்டையை ஈனவிடலாகாது என்பன அவற்றுட் சில. சட்டம் வரட்டும் எனக் காத்திராமல், நம்மூரில் நாமே கைக்கொள்ளத்தக்கனவற்றைத் தொகுத்துக் கூறுவோம்.

முதலாவது, பெருநாய் இனங்களில் தாய் தந்தை இரண்டின் இடுப்பையும் முழங்கையையும் மிருக வைத்தியரைக் கொண்டு படம்பிடித்துப் பாராமற் சேரவிடலாகாது. நாயை மயக்கி மல்லாக்கக் கிடத்திப் பின்கால்களை நேராக நீட்டி எடுக்கும் படமே வழக்கமான படம். நின்ற நிலையிலோ பக்கவாட்டிலோ எடுத்த படம் போதாது. சிறுநாய்களாயின் முழங்காற் சில்லைக் கையாற் சோதித்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இரண்டாவது, ஒரே ஈற்றிற் பிறந்தவற்றையும், பெற்றோரையும் பிள்ளையையும் தம்முட் சேர்த்தலாகாது. ஒரு கிராமத்திலே பெயர்பெற்ற ஒற்றைக் கடுவனை எல்லாப் பெட்டைகளுக்கும் விடுவதும் இதனோடொத்த தவறே. சில ஆண்டுகளில் அக்கிராமத்து நாய்கள் யாவும் உடன்பிறப்புகளாகிவிடும்.

மூன்றாவது, குட்டி வாங்குவோர் தாயைக் காணாமல் வாங்கலாகாது. மூட்டுப் படம் உண்டா, முன்னைய ஈற்றுக் குட்டிகள் எங்கே, அவை எவ்வாறு நடக்கின்றன எனக் கேட்கவேண்டும். வெளிநாட்டிலிருந்து காசனுப்பி, ஊரிலிருக்கும் பெற்றோரின் காவலுக்குப் பெருநாய் வாங்கித் தரும் பழைய மாணவர்க்கு இதனைச் சிறப்பாகக் கூறுகின்றோம். எழுபது வயதுத் தாயாரால் எழமாட்டாத நாயைத் தூக்க இயலாது.

நான்காவது, குட்டி கொடுத்தவர் அதனைக் கொடுத்தபின்னும் விசாரித்தல் வேண்டும். குறை தோன்றினால் உடன்பிறந்தவற்றை வளர்ப்பவர் யாவர்க்கும் அறிவித்தல் வேண்டும். மறைத்தால் அடுத்த தலைமுறைக்கும் அக்குறையை நாமே அனுப்பியவராவோம்.

ஐந்தாவது, குறையுடைய நாய்க்குக் கருத்தடை செய்வித்தல் வேண்டும். அது அந்நாயை வெறுப்பதாகாது. இனப்பெருக்கத்திலிருந்து விலக்குவது வேறு. அன்பிலிருந்து விலக்குவது வேறு.

இவையெல்லாம் செலவும் அலைச்சலும் உடையன என்பீராயின், உண்மையே. அவற்றை ஏற்க இயலாதார் நாயை வளர்க்கலாம், பெருக்கவேண்டியதில்லை. காவலும் தோழமையுமே வேண்டுமாயின், நம் தெருவிற் பிறந்து தாயற்று நிற்கும் ஊர்நாய்க் குட்டியொன்று போதும். எவரும் தெரிந்து சேர்க்காத கலப்பினாற் பிறந்தது அது. அதற்கும் நோய் வரக்கூடும் எனினும், நெருங்கிய உறவிற் சேர்த்துக் கூட்டிய குறை அதற்கில்லை.

நம்மூர்களிலே வைரவர் கோயில் இல்லாத குறிச்சி அரிது. அப்பெருமானின் ஊர்தியாக நாயை வைத்து, வடைமாலை சாத்தி வணங்குகின்றோம். கல்லிலே வடித்த நாயை வணங்கிவிட்டு, உயிருள்ள நாயை நோவோடு பிறக்கச்செய்தல் நம் சமயத்துக்கும் பொருந்தாது.

வீரி இன்று முதுமையெய்தி எம் வளவில் இருக்கின்றது. அதற்குக் கருத்தடை செய்வித்தோம். நொண்டிய குருளைகள் இரண்டினுள் ஒன்று நெடுநாள் வாழவில்லை. நீர்வேலியிலுள்ளது வாழ்கின்றது. மாணாக்கர் அதற்கு அளவறிந்து உணவிட்டு, நாள்தோறும் மாலையில் வாழைகளுக்கிடையே ஈரமண்ணில் மெல்ல நடத்திச் செல்கின்றார். அவ்வழியே போகும்போது யாம் சைக்கிளை நிறுத்துவோம். அது எம் குரலை அறிந்து எழ முயலும். சிலநாள் ஒரே முயற்சியில் எழும், சிலநாள் எழ நேரமாகும். அது எழுந்து வரும்வரை யாம் நின்று காத்திருப்பது வழக்கம்.

நாம் கொடுப்பதை வேண்டாமென்று சொல்லும் வாயோ, தெரிந்துகொள்ளும் உரிமையோ குருளைக்கு இல்லை. ஆதலின் அதற்காகத் தெரியவேண்டியவர் நாமே. இம்மலரைப் படிக்கும் ஒருவரேனும் தம் நாயைச் சேரவிடுமுன் ஒருமுறை மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்வாராயின், அம்மாணாக்கரின் கேள்விக்கு யாம் அன்று கூறிய தவறான விடை சிறிதேனும் திருத்தப்பெற்றதாகக் கருதுவோம்.